அவள் ஏன் சாக வேண்டும்?

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஷேக் அலாவுதீன் ஐயா அவர்களே, வாசிப்பை வளர்த்துவரும் வாசகர் வட்டப் பெரியோர்களே, வேலை முடிந்து சீருடையோடு வந்தமர்ந்திருக்கும் அன்னையரே, விரும்பி வந்த, இழுத்து வரப்பட்ட இளையோரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

“சத்தமா லா, டீச்சர்” என்கிறார் பின்வரிசையில் வாசு அண்ணன். சரி அண்ணே, மைக்கைக் கிட்டே இழுத்துக்கொள்கிறேன்.

கதை படித்து ஒருவர் போதையை விட்டார் என்றால் நான் நம்பமாட்டேன். அப்படிப்பட்டவள்தான், போதையில் விழுந்த பதினாறு வயதுப் பெண்ணை வைத்து இன்று வெளியிடும் இந்த நாவலை எழுதினேன். எப்படி முடித்தேன்? நாம் எல்லாரும் முடிப்பது போலத்தான். கொன்றேன். கடைசி அத்தியாயத்தில், கொட்டும் மழையில் கொன்றேன். நம் இளையோர் கதைகளில் மாத்திரையைத் தொட்ட பிள்ளை எது மிஞ்சியிருக்கிறது? செத்தால்தானே பாடம்? செத்தால்தானே பரிசு?

பிள்ளைகளின் பேச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஆயர் ஈத்தாமில் எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வகுப்புக்கு வரும் அதிராவிடம் கையெழுத்துப் படியைக் கொடுத்தேன். மறுவாரம் வந்தாள்.

“டீச்சர், இவ ஏன் சாகணும்?”

“படிக்கிறவங்களுக்கு ஒரு பயம் வரணும்லா.”

“தொடாதவங்களுக்குப் பயம் வரும். ஏற்கெனவே தொட்டவங்க படிச்சா?”

தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த சனி வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. மூன்றாம் சனி, சுங்கை பினாங் அடுக்குமாடியில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“ஒரு வருஷமா மாத்திரை போடுது டீச்சர், எனக்கே இப்பத்தான் தெரியும்” என்றார் அவள் அம்மா ஷர்மினி. “ரெண்டு நாளா வீட்டுக்கு வரல.”

படித்தவள் நான் என்ன செய்திருந்தேன்? உயிரோடிருக்கும் பிள்ளையின் கையில் அவள் சாவை எழுதிக் கொடுத்திருந்தேன்.

அன்றே அந்த அத்தியாயத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதியதில் கதைப் பெண் சிகிச்சை நிலையத்தின் வாசலில் நிற்கிறாள். உள்ளே போவாளா? எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, தாயோடு அதிரா வந்தாள். மெலிந்திருந்தாள். நின்றபடியே புதிய பக்கங்களைப் படித்தாள்.

“வாசல்லயே நிக்க வச்சுட்டீங்களே. உள்ள அனுப்புங்க டீச்சர். காத்தாடி சரியா ஓடாது, சாப்பாட்டுல உப்பு இருக்காது, ஆனா உள்ள விடுவாங்க. நான் போயிட்டுத்தான் வரேன்.”

அவள் சொன்னதுதான் இப்போது நாவலின் கடைசிப் பக்கம்.

கதை காப்பாற்றியது என்று கைதட்டிவிடாதீர்கள். நடந்தவை அவள் கால்கள். பிடித்தது தாயின் கை. என் கதை செய்ததெல்லாம் குறுக்கே நிற்காமல் விலகியதுதான். அந்த அளவுக்காவது விலகியதே என்று, இன்று மூச்சு சீராக வருகிறது.

முதல் பிரதி பிரமுகருக்கு என்பது நம் வழக்கம். தலைவர் ஐயா மனமுவந்து விட்டுக்கொடுத்தார். பெயரைச் சொல்லலாமா என்று அதிராவிடமும் கேட்டேன். “சொல்லுங்க, ஆனா பொன்னாடை வேணாம், வேர்க்கும்” என்றாள்.

நாளையைப் பற்றி நான் உறுதி சொல்லமாட்டேன். இன்று வந்திருக்கிறாள். செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். அதிரா, மேலே வாம்மா. உன் புத்தகம்.