ஊர்க் குட்டிகளுக்கு ஒரு குளியல்

வெந்நீர்க் குளியல் யாருக்கும் பிடிக்கும். ஆட்டுக்குட்டிக்கும் பிடிக்கும். பழக்கமில்லாததால் முதலில் கொஞ்சம் உதைக்கும். காதுக்குப் பின்னால் தேய்க்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்ளும். இதைப் பெரியவர்கள் மன்றத்தின் முன் நான் உறுதியாகச் சொல்ல முடியும். இந்த ஊரில் செய்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

துருஸ்பெக் ஐயா தலைவர் என்ற முறையில் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். சொல்கிறேன். என் பெயர் அனார்குல். சாதிபெக்கின் மனைவி. இதோ வாசல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாளே ஜூராகான், அவள் என் மூத்த ஓரகத்தி. புகார் கொடுத்தவள் அவள்தான். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்று இங்கே எது முடிவாகப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும். நான் பூ காய்ச்சும் கொப்பரையையும் குழாயையும் பிடுங்கிக்கொண்டு, எங்கள் வீட்டைக் குட்டி முறையிலிருந்து தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். கொப்பரை போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன், அது என் உயிர். ஆனால் முறை அதைவிடப் பெரிது. பகலில் பெரிய ஆடுகள் மலைக்கு மேயப் போய்விட, இளங்குட்டிகளை நாளுக்கொரு வீடு மேய்க்கிறோம். அந்தச் சுற்றில் இல்லாத வீட்டை இந்த ஊரில் கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டார்கள், அந்த வீட்டுச் சாவுக்கும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதனால் ஒன்றையும் மறைக்காமல் பேசுகிறேன்.

சோப்பு செய்ய நான் ஏரிக்கரை நகரத்தில் கற்றுக்கொண்டேன். பெண்களுக்கான இலவச வகுப்பு. சோப்பு, பல்பசை, தரை துடைக்கும் நீர், அக்குள் நாற்றத்துக்குக் களிம்பு, எல்லாமே செடி கொடியிலிருந்து. ரசாயனம் ஒரு சொட்டு கிடையாது. வகுப்பெடுத்த அம்மா கடைசி நாளில் சான்றிதழைக் கையில் கொடுத்து, "உங்க ஊரையே மாத்தப் போறது நீங்கதான்" என்றார். எங்கள் ஊருக்கு மாறுவதில் விருப்பம் உண்டா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வந்ததும் இறைச்சி வேகவைக்கும் பெரிய கொப்பரைக்கு மூடி போட்டு, இடுக்கெல்லாம் மாவு பூசி, குழாய் பொருத்தி லாவெண்டர் பூவைக் காய்ச்சினேன். ஆவி எழுந்த அன்றே என் வீட்டுக்காரரின் நண்பர்கள் ஆளுக்கொரு கிண்ணத்தோடு வேலியோரம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அண்ணி, முதல் சொட்டு எப்ப வரும்?"

"இது சாராயம் இல்லப்பா. குளிக்கிற சமாச்சாரம்."

"பரவால்ல அண்ணி. குடிச்சிட்டுக் குளிச்சுக்கறோம்."

எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சிய வாசனைத் தண்ணீரைக் குடித்தே விட்டார்கள். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏப்பம் மட்டும் பூவாக வந்தது. வீட்டுக்குப் போனதும், "எவ வீட்டுக்குப் போயிட்டு வர்ற?" என்று அவர்கள் மனைவிமார் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்தது.

அப்புறம் மோல்தோ. தொழுகை நடத்துகிறவர் வாய் மணக்க வேண்டாமா என்று கிராம்பெண்ணெய் கலந்த பல்பசை கொடுத்தேன். பட்டாணி அளவு போதும் என்றேன். அவர் பிரஷ் நிறைய வைத்துக்கொண்டார். நாக்கு மரத்துப்போய், அன்றைக்கு நடந்த கல்யாணத்தில் அவர் துவா ஓதி முடிப்பதற்குள் தட்டிலிருந்த கறி உறைந்துவிட்டது. எதையும் அளவோடு செய்யாதது அவர் தவறு. அவர்மேலும் எனக்கு வருத்தமில்லை.

நவ்ரூஸ் பண்டிகைக்கு வீட்டுக்கொரு சோப்பு கொடுத்தேன். குளிர்காலம் முழுக்கச் செய்தவை அவை. நம் பெண்கள் ஆட்டுக் கொழுப்பையும் சாம்பலையும் கிண்டிச் செய்யும் கறுப்புச் சோப்பு இல்லை. சூரியகாந்தி எண்ணெயும் லாவெண்டரும் சேர்த்து, மேலே ஒரு காய்ந்த பூவையும் அழுத்தி, காகிதத்தில் சுற்றி, நானே வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கொண்டு, முகர்ந்துவிட்டு, "அடேயப்பா" என்றார்கள். நான் அதை நம்பினேன்.

பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தேநீருக்குப் போனபோது பார்த்தேன். கை கழுவுமிடத்தில் எல்லார் வீட்டிலும் கடையில் வாங்கிய ரோஸ் கலர் சோப்பு. என்னுடையது ஒரு வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தது. ஒரு வீட்டில் நாய் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. துருஸ்பெக் ஐயா, உங்கள் வீட்டில் அது பூச்சி வராமலிருக்கக் கம்பளிப் பெட்டிக்குள் கிடந்தது. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டில் எங்கே கிடந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஜூராகான் வீட்டில் தேநீர் மேசையின் ஒரு கால் குட்டை. அதன் அடியில் வைத்திருந்தாள், பூ மேலே தெரிகிறபடி.

"உன் சோப்பு ரொம்ப நல்லா இருக்குடி அனார்குல். மேசை இப்ப ஆடறதே இல்ல" என்றாள்.

"அக்கா, அது கை கழுவறதுக்கு."

"கழுவினா கரைஞ்சு போயிருமே. இப்படி வெச்சா எத்தன வருஷம் நிக்கும்!" என்று சிரித்தாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அதைச் சொன்னாள். "அந்தச் சோப்புல குளிச்சுட்டுப் பட்டியில குட்டியத் தூக்கினா, பெத்த தாயே அத அடையாளம் தெரியாம முட்டித் தள்ளிடும்டி. ஆடு மேய்க்கிறவளுக்கு எதுக்குப் பூவாசன?"

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கழுதையைப் பற்றி எனக்குத் தெரியாது, ஓரகத்தியைப் பற்றித் தெரியும். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். அவள் சொன்ன வார்த்தை மட்டும் கூடவே வந்தது. பகையாக இல்லை, ஒரு யோசனையாக.

எங்கள் முறை வந்தது. வெயில் நன்றாக இருந்தது. வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்தார். ஊர்க் குட்டிகள் எங்கள் பட்டியில் நின்றன. அவற்றைப் பார்த்தபோது எனக்குப் பட்டதை அப்படியே சொல்கிறேன். அழுக்கு. பின்னங்காலெல்லாம் சாணி. முதுகில் அவரவர் வீட்டு அடையாளத்துக்கு அப்பிய பெயின்ட், ஜூராகானுக்குச் சிவப்பு, ஐயாவுக்கு நீலம். ஊரார் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள மறுத்தால் அது அவரவர் விருப்பம். வாயில்லா ஜீவன்கள் என்ன பாவம் செய்தன?

கொப்பரையில் வெந்நீர் போட்டேன். ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் தேய்த்தேன். ஒரு தடவை சோப்புப் போட்டால் வாலோரம் பழைய மணம் மிஞ்சிவிடும். அதனால் இரண்டு தடவை போட்டேன். வாலுக்கு மூன்று. பிறகு என் வீட்டுத் திரைச்சீலைகளால் துவட்டி, வெயிலில் நிற்கவைத்தேன். ஒன்றுக்கும் சளி பிடிக்கவில்லை. அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

பெயின்ட்டை எடுத்தது ஏன் என்று கேட்டார்கள். கறை நீக்க நான் செய்து வைத்திருந்த நீரில் வினிகரும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் உண்டு. சும்மா ஒரு குட்டியின்மேல் போட்டுப் பார்த்தேன். சிவப்பு அப்படியே வழிந்து போயிற்று. அவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. ஒரு குட்டி மட்டும் வெள்ளையாக நின்று மற்றவை கறையோடு நின்றால் பார்க்க நன்றாகவா இருக்கும்? எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் மலையிலிருந்து ஆடுகள் இறங்கி வந்தன. அந்த நேரத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குட்டிகளைத் திறந்துவிட்டதும் ஊரே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரிச் சத்தம் எழும். தாய் கத்தும், குட்டி கத்தும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றும் தன் தாயின் மடியில் போய் முட்டிக்கொள்ளும். பிறகு அமைதி.

அன்றைக்கு அமைதி வரவில்லை. குட்டிகள் ஓடின. தாய் ஆடுகள் வாலை முகர்ந்தன. தும்மின. முட்டித் தள்ளின. தள்ளிவிட்டு, காலடியில் நிற்கிற குட்டியைத் தாண்டிக்கொண்டு, தன் குட்டி எங்கே என்று தெரு முழுக்கக் கத்தித் தேடின. அந்தக் குரல் என்னையும் கலக்கியது. அதில் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

உங்களுக்கோ எந்தக் குட்டி யாருடையது என்று தெரியவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று, கொழுத்த குட்டியெல்லாம் தன்னுடையது என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். மெலிந்த குட்டிக்குச் சொந்தக்காரரே இல்லை. ஜூராகான் தெருவில் மண்டி போட்டு ஒவ்வொரு குட்டியாக இழுத்து வைத்து மூக்கைப் புதைத்து முகர்ந்தாள். மோல்தோ முகர்ந்தார். ஐயா, நீங்களும் தாடி மண்ணில் புரள ஒரு குட்டியின் வாலை முகர்ந்து, "மருமகளே, இது என்ன வாசனைம்மா?" என்று என்னைக் கேட்டீர்கள்.

"லாவெண்டர்" என்றேன்.

எத்தனை மாதமாக அந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் என் சோப்பை முகர்ந்தீர்கள், மண்டி போட்டு. என் மனம் நிறைந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

உடனே நான்தான் வழியும் சொன்னேன். ஆடு நக்கட்டும் என்று குட்டியின் முதுகில் உப்புத் தூவுங்கள், குட்டி எந்த ஆட்டின் பின்னால் ஓடுகிறதோ அதன் பாலையே கறந்து வாலில் தடவுங்கள், ஆட்டைப் பிடித்துக்கொண்டு குட்டியை மடியில் விடுங்கள், பால் உள்ளே போய் வெளியே வந்ததும் பழைய மணம் திரும்பிவிடும். விடிய விடியப் பிடித்தீர்கள். இரண்டு மூன்று நாளில் எல்லாக் குட்டியும் தாயோடு சேர்ந்தது. யாருடைய ஆடு ஏற்றுக்கொண்டதோ அவருடைய குட்டி என்று வழக்கும் தீர்ந்தது. கொழுத்த குட்டிக்குச் சத்தியம் செய்தவர்கள் பலர் மெலிந்ததை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"இவ்வளவு மருந்து தெரிஞ்ச உனக்கு நோய் தெரியாமப் போச்சாம்மா?" என்று ஐயா இப்போது கேட்கிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் வரவில்லை. தெரியும். நான் மேய்ப்பன் மகள். செத்துப்போன குட்டியின் தோலை அநாதைக் குட்டிக்குப் போர்த்தித் தாயை ஏமாற்றுவதை நடக்கப் பழகும்போதே பார்த்தவள். வாலை முகர்ந்துதான் தாய் குட்டியை அறியும் என்று தெரிந்தேதான் வாலுக்கு மூன்று தடவை போட்டேன். தெரிந்தே செய்தேன், நன்றாகவும் செய்தேன். ஆனால் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. என் சோப்பு எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஐயா தாடியைத் தடவுகிறார். அருகில் இருப்பவர் லேசாகச் சிரிப்பதும் தெரிகிறது. மன்னித்துவிடலாம் என்றுதான் இருவர் முகத்திலும் எழுதியிருக்கிறது. நன்றி.

ஜூராகான் ஏதோ கேட்க வேண்டுமாம். கேட்கட்டும்.

"எல்லாஞ் சரி. எல்லார் குட்டியும் குளிச்சுச்சு. இவ வீட்டுக் குட்டிங்க முதுகுல மட்டும் பச்சப் பெயின்ட் இன்னும் அப்படியே இருக்கு. அன்னைக்கு இத்தன கூத்துலயும் அதுங்க பாட்டுக்கு ஓரமா நின்னு பால் குடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. என் கண்ணால பாத்தேன். அதுங்கள மட்டும் ஏன்டி விட்ட?"

நியாயமான கேள்வி. எங்கள் குட்டிகளுக்குத் தோல் கொஞ்சம் மென்மை. அந்தச் சோப்புப் பட்டால் அரிக்கும்.

"அரிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்? குளிப்பாட்டவே இல்லையே. அப்ப நீ எந்தச் சோப்புலடி குளிக்கிற?"

கடையில் வாங்கும் ரோஸ் கலர் சோப்பில்தான். ஐயா எதற்காகப் பேனாவைக் கீழே வைக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நல்ல பொருளை வீட்டார் தொடக் கூடாது, அதை அடுத்தவருக்கென்று எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லி வளர்த்த குடும்பம் என்னுடையது.