டீசல் ஏரோப்ளேன்

"டீசல் ஊத்தி ஏரோப்ளேன் வுட்டுக்கீறான் அண்ணாத்த, ரஷ்யாக்காரன்."

திருக்கழுக்குன்றம் தாண்டி எங்கள் மாமல்லபுரம் பஸ் நின்றுபோயிருந்தது. தள்ளிப் பார்த்தும் பயனில்லை. அடுத்த பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றோம். பேசியது கண்டக்டர். பக்கத்தில் டிரைவர், கையெல்லாம் கிரீஸ்.

"எவன் சொன்னான்?"

"சலூன்ல ரஷ்யா புக்கு ஒண்ணு கெடந்துது, படிச்சேன். ஹிட்லர் சண்டையில குண்டு போட்ட ப்ளேனு. நாலு இஞ்சின்."

"மேல போயி நின்னுட்டா?"

"நின்னுதான் கீது. எதிரி சுட்டு வுழுந்தது பாதின்னா, தானா நின்னு வுழுந்தது மீதி. மொத்தமா நூறுகூட செய்யலியாம்."

"பாவம். எறங்கித் தள்ளவும் முடியாது."

டிரைவர் பஸ்ஸைப் பார்த்தார். "இதே வண்டி போன மாசம் நின்னதுக்கு எனக்கு மெமோ. முன்னாடி ஓட்டுனவன வேற டிப்போவுக்குத் தூக்கிட்டானுங்க. இப்ப நானு."

"இன்னா பண்றது அண்ணாத்த."

"அது கெடக்கு. அந்த ரஷ்யாக்காரன் அப்பறம் இன்னா பண்ணான்?"

"டீசல் சரிப்படலன்னு வேற இஞ்சின் போட்டான். அதுவும் சரியில்லன்னு இன்னொண்ணு."

டிரைவர் கிரீஸ் கையை பழைய வேட்டித் துணியில் துடைத்தார்.

"இஞ்சினயா மாத்துனான்?" என்றார். "டிரைவர இல்ல?"