மஞ்சள் சோப்பின் சாயம் வெளுத்த கதை

என்னைப் போன்ற வாயாடியையும் நம்பி மைக்கைக் கையில் கொடுத்திருக்கும் துணிச்சல்காரரே, அவைத் தலைவி அம்மையார் அவர்களே! அடுப்படியையே ஆலையாக்கி, அண்டாவையே ஆஸ்தியாக்கி, எண்ணெயையும் காரநீரையும் இணங்க வைத்துச் சோப்பாக்கும் ஆற்றல் பெற்ற அன்னையரே! அந்த அண்டாக்களைத் தூக்கித் தூக்கியே தோள் இறங்கிப்போன கணவன்மார்களே! (சிரிக்காதீர்கள் ஐயா, நானும் தூக்கியவன்தான்.) முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! பின்சுவரில் சாய்ந்தபடி, “இந்த ஆள் எப்போ முடிப்பாரு?” என்று வாசலைப் பார்க்கும் இளையோரே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கடைக்காரனின் வணக்கம்.

ஏட்டைப் படித்து ஏற்றம் பெற்றவன் அல்லன் நான். தள்ளுவண்டியில் சோப்பை அடுக்கி, தெருத்தெருவாய்க் கூவி, கூவிய குரலாலேயே ஒரு கடை கட்டியவன். வியாபாரிக்கு வியாபாரம்தான் முக்கியம். அதை மறைக்கமாட்டேன். அதனால்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

இன்று இந்த மன்றத்தில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. ‘செடியின் நிறம் மட்டும்’ என்று நம் சோப்பு உறைகளில் அச்சிட்டிருக்கிறோம். அந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே ரசாயனப் புட்டிச் சாயம் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளலாமா? இதுதான் தீர்மானம். இதைக் கொண்டுவந்தவர்களை நான் ஏச வரவில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்களா? இல்லை. நிறம் மங்கியதென்று சரக்குத் திரும்பி வந்து, கூடத்து மூலையில் குவிந்து கிடக்க, அதைப் பார்த்துப் பார்த்துச் சோறு இறங்காமல் தவித்தவர்கள். அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். அந்தத் தவிப்போடு என் கடை வாசலில் நின்ற ஒருவரின் கதையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அவருக்கு நாம் வைத்த பெயர் ‘பொறுங்கம்மா’. ஆமாம், ஆமாம், கைதட்டுங்கள், உங்களுக்கே தெரிந்தவர்தான். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை “பொறுங்க”. சோப்பு காய்ந்ததா? பொறுங்க. சரக்கு எப்போது வரும்? பொறுங்க. தையல் ஆலை மூடியதும் வேலை போனது. லாரி ஓட்டிய கணவருக்கு முதுகு போனது. மிச்சமிருந்தது ஒரு சமையலறை, ஒரு அடுப்பு, அலமாரியில் ஒரு டப்பா மஞ்சள்தூள்.

மஞ்சள்தூளை எண்ணெயில் போட்டார். இளஞ்சூட்டில் ஊற வைத்தார். பழைய துணியில் வடிகட்டினார். அடடா, அந்த எண்ணெய்! பொன்னை உருக்கிப் புட்டியில் ஊற்றியது போல் மின்னியது! ஆனால் அதைக் காரநீரோடு கலந்ததுதான் தாமதம், பொன் புரண்டது, குருதியாய்ச் சிவந்தது. கதவோரம் நின்ற கணவர் அலறிவிட்டார்.

“அடியேய், என்னடி இது, ஆட்டை அறுத்த மாதிரி இருக்கு!”

“பொறுங்க.”

“என்னத்தப் பொறுக்கறது? இதைத் தேய்ச்சுக் குளிச்சா ஊரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடும்!”

“மஞ்சக்கறை பட்ட துணியில சோப்பு போட்டா சிவக்குதுல்ல? அதே கூத்துதாங்க இது. காயட்டும், திரும்பும்.”

திரும்பியதா? திரும்பியது! வாரங்கள் போகப் போகச் சிவப்பு தணிந்து, செம்மஞ்சளாகி, கடைசியில் விளைந்த கதிரின் நிறத்தில் வந்து நின்றது. என் கடைக்கு வந்தது. வந்த வேகத்தில் விற்றது. வீட்டு வாடகையும் கணவரின் வைத்தியமும் அந்த மஞ்சள் கட்டியின் மேல்தான் நின்றன.

ஒருநாள், கடையில் கால் வைக்க இடமில்லாத நேரம். அழகு நிலையம் நடத்தும் அக்கா ஒருவர் கை நிறையச் சோப்போடு வந்தார். மேடைமேல் அப்படியே கொட்டினார். எல்லாம் வெளிறிப்போய், நோயில் கிடந்து எழுந்தவர் முகம் போல இருந்தன.

“இதான் உங்க செடி நிறமா? கண்ணாடி ஜன்னல்ல அழகா அடுக்கி வச்சேன். வர்றவங்க கிட்டயெல்லாம் பெருமையா சொன்னேன். இப்ப என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க. உங்க சாயம் வெளுத்துப்போச்சுங்க!”

கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து, கூடையோடு வாசலில் நிற்கிறார் பொறுங்கம்மா!

அந்த அக்காமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் தொழில்காரி. தன் வாடிக்கையாளர்களிடம் தன் வாயால் சொன்னது பொய்யாகிவிட்டதே என்ற நோவு அவருக்கு. பக்கத்தில் நின்ற சாய ஏஜென்டு ஒருவர் பொறுங்கம்மாவின் காதருகே குனிந்தார்.

“எதுக்கும்மா இந்தப் பாடு? நம்ம புட்டியில ஒரு சொட்டு விடுங்க. வெயிலாவது மழையாவது, அசையாது. உறையைப் பிரிச்சு யாரு பரிசோதிக்கப் போறா?”

இந்த முறை அவர் “பொறுங்க” என்று சொல்லவில்லை. மேடையில் கிடந்த வெளுத்த கட்டியில் ஒன்றை எடுத்தார். என் கத்தியைக் கேட்டார். உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உள்ளேயும் வெளுத்திருந்தால் அன்றோடு அவர் அடுப்பு அணைந்தது.

வெட்டினார்.

உள்ளே மஞ்சள்! அன்று அண்டாவிலிருந்து எடுத்தது போல் அதே மஞ்சள்! வெயில் பட்ட மேல்தோல் மட்டும் வெளுத்திருந்தது. வெயில் படாத உள்ளம் அப்படியே இருந்தது.

அழகு நிலைய அக்கா வெட்டிய பாதியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?”

“எனக்கே இப்பதாங்கக்கா தெரியுது. மஞ்சத்துணி வெயில்ல வெளுக்கும்னு தெரியும். சோப்பும் வெளுக்கும்னு தோணல. இனிமே உறையிலயே எழுதிடறேன்.”

நான் குறுக்கே விழுந்தேன். “என்னம்மா எழுதுவீங்க?”

“வெயில்ல வச்சா வெளுக்கும்னுதான்.”

“தன் சரக்கு வெளுக்கும்னு தானே எழுதுற ஆளை நான் எங்கயும் பாத்ததில்லையே!”

“இப்பப் பாத்துட்டீங்கல்ல?”

கடையே சிரித்தது. சிரிப்பில் முதல் குரல் அந்த அக்காவுடையது.

அவையோரே! நம் பேச்சு வழக்கில் ஒருவனைப் பார்த்து ‘சாயம் வெளுத்தது’ என்றால் என்ன பொருள்? பொய் பிடிபட்டது என்று பொருள். ஆனால் நம் தொழிலில்? எந்தச் சாயம் வெளுக்கிறதோ அதுவே மெய்! எந்தச் சாயம் வெளுக்கவே வெளுக்காதோ, அதைத்தான் உறைக்குள் ஒளிக்க வேண்டியிருக்கிறது! மொழியையே புரட்டிப் போட்ட தொழில் ஐயா நம்முடையது!

“புட்டிச் சாயம் பாவமா?” என்று ஒரு குரல் கேட்கிறது. இல்லை தங்கையே, பாவமே இல்லை. வேண்டுபவர் விடட்டும். விட்டதை உறையில் எழுதட்டும். நானே வாங்கி விற்பேன். செடியின் பெயரைச் சொல்லிப் புட்டியை விற்காதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

வெளுக்கும் என்று எழுதியதால் பொறுங்கம்மாவின் விற்பனை ஏறியதா? உள்ளதைச் சொல்கிறேன். முதலில் இறங்கியது. உறையைப் படித்துவிட்டு வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தார்கள். இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. அதனால்தான் தீர்மானம் கொண்டுவந்தவர்களின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்தப் பயத்தை அவர்களே தனியாய்ச் சுமக்க வேண்டுமா? அரைச் சுமை விற்பவனுக்கு இல்லையா? இந்த அவை அறியச் சொல்கிறேன்: என் கடையில் மஞ்சளும் ஊதா தரும் வேம்பாளம்பட்டையும் கீரைப்பச்சையும் இனி வெயில் விழாத சுவரில்தான் இருக்கும். வெளுத்துத் திரும்பும் கட்டி உங்கள் கூடத்து மூலைக்கு வராது. என்னிடமே நிற்கும். வாங்கியவர் முன்னால் நானே வெட்டிக் காட்டுவேன். மற்றக் கடைக்காரர்களிடமும் போய்ப் பேசுவேன். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும், சம்மதிக்கும்வரை விடமாட்டேன்.

எனக்கு இங்கே வாக்கு இல்லை. விற்பவன் கை தூக்கக் கூடாது. அது நியாயம். தூக்கப்போவது உங்கள் கைகள். எண்ணெய் தொட்ட கைகள், காரம் சுட்ட கைகள், கழுவக் கழுவ நகக்கண்ணில் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கும் கைகள். அந்தக் கைகள் பொய்யை உறையில் சுற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டு, நேரம் தந்த தலைவி அம்மையாருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம். வாக்கெடுப்பு தொடங்கட்டும்!