மஞ்சள் கிரிஸ்டல்

– தூக்கிட்டுப் போயிடு. இந்த வண்டி என் கடைக்குள்ள இருக்கக் கூடாது.

– தூக்க மாட்டேன். ஊர்ல இருக்கற ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் உன்கிட்டதானே வருது? இதையும் பாரு.

– விளையாடறியா? உன் முட்டியை உடைச்ச வண்டிம்மா இது!

– உடைஞ்சது என் முட்டி. எனக்குத் தெரியாதா?

– இருபத்திநாலு வருஷமா அவன் மூஞ்சியில முழிக்காம இருக்கேன். அவன் வண்டிக்கு நான் ஸ்க்ரூ முடுக்கணுமா?

– அவன் இவன்னு பேசாதண்ணா. என் புருஷன் அவரு.

– சரி, உன் புருஷன். தொரை உன்னை எதுக்கு அனுப்பினாரு? வித்துக் குடுக்கணுமா? பழைய ரிமோட் கார்னா இப்பல்லாம் ஆளுங்க அடிச்சிக்கிட்டு வாங்கறாங்களாமே.

– அவரு அனுப்பல. நான் வந்ததே அவருக்குத் தெரியாது. உன் மருமக நேத்து பரண்ல ஏறி இதையும் இதோட ரிமோட்டையும் எடுத்துட்டு வந்து, அவரு காலடியில ஓங்கிப் போட்டா. ரிமோட் சுக்குநூறாயிடுச்சு. வண்டி இந்தக் கோலத்துல இருக்கு.

– பாப்பாவா?

– பாப்பாவேதான். "அம்மா நொண்டறதுக்கு நீங்கதான் காரணமா?"ன்னு கேட்டா. யாருண்ணா அவகிட்ட சொன்னது?

– அவதான் கேட்டா. "ஏன் மாமா எங்க வீட்டுக்கு வரவே மாட்டேங்கறீங்க"ன்னு. பத்தொன்பது வயசுப் பொண்ணு, அவகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?

– என்னன்னு சொன்ன? அதே வார்த்தையில சொல்லு பாப்போம்.

– நடந்ததைச் சொன்னேன். "உங்கம்மா ஓட்டப்பந்தயத்துல மாநில அளவுல தேர்வானவ. உங்கப்பன் ரிமோட் கார் ரேஸ்ல பவுசு காட்டறேன்னு வளைவுல வேகத்தைக் குறைக்காம விட்டான். மூணு கிலோ வண்டி மண் மேட்டுல ஏறிப் பறந்து வந்து அவ முட்டியில அடிச்சது. அதோட அவ ஓட்டம் முடிஞ்சது"ன்னு சொன்னேன். இதுல எது பொய்?

– அவரு பவுசு காட்டினதை நீ பாத்தியா?

– பாக்கணுமா? ஆஸ்பத்திரியில அவனே சொன்னானே, "என் கை தவறிடுச்சு"ன்னு!

– நேத்தும் அதையேதான் சொன்னாரு. "ஆமா கண்ணு, என் தப்புதான்"னு. சொல்லிட்டு, உடைஞ்ச துண்டெல்லாம் குனிஞ்சு பொறுக்கினாரு. உன் மருமக பையை எடுத்துட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டா. இனிமே அந்த வீட்டுக்கு வர மாட்டாளாம்.

– போயிட்டாளா?

– போயிட்டா. அந்த ரேஸ் நாள்லேர்ந்து அவரு எதையும் ஓட்டினதில்ல, தெரியுமா உனக்கு? பைக் இல்ல, கார் இல்ல. எங்க போனாலும் பஸ்தான். மழையில நனைஞ்சுக்கிட்டு நிப்பாரு.

– அதுக்கு நான் என்ன பண்ணணும்?

– சொன்னேனே, இதை ஓட வை. நீ மூட்டின தீ, நீயே அணை. கடைசியில நான் சொல்றதை ஒரு தடவை செய். அப்புறம் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்.

– பிடிவாதம் பிடிக்கறதுல நம்ம அப்பாவே தோத்தாரு உன்கிட்ட. குடு இங்க. ச்சீ, பாரு! பேட்டரியை உள்ளயே வச்சு மூடியிருக்கான். பச்சையா பூத்துக் கிடக்கு. ஒரு பொருளை வச்சுக்கத் தெரியுதா?

– திட்டிக்கிட்டே பண்ணு, பரவாயில்ல. கை வேலை செஞ்சா போதும்.

– அந்த ஸ்பிரிட் பாட்டிலை எடு. பஞ்சு இல்ல, பிரஷ். டயர் ரப்பர் தொட்டா உதிருது. அடித்தட்டு குறுக்கால விரிஞ்சிருக்கு. இதையெல்லாம் பசை போட்டு ஒட்டிடலாம். ஆனா ரிமோட் சிக்னலை வாங்கற ரிசீவர்ல கெப்பாசிட்டர் உப்பிப் போயிருக்கே. இதைக் கழட்டிப் போட்டுட்டு இப்ப வர்ற புது ரிசீவர் ஒண்ணு மாட்டறேன். பத்து நிமிஷ வேலை.

– வேணாம். பழசுதான் வேலை செய்யணும்.

– ஏன், அதுல என்ன வைரமா பதிச்சிருக்கு?

– அன்னைக்கு இந்த வண்டிக்குள்ள என்ன இருந்துச்சோ, அதுவேதான் இருக்கணும். ஒரு கம்பி கூட மாத்தக் கூடாது. உப்பினதுக்கு மட்டும் அதே அளவுல வேற போடு.

– அம்மா தாயே! சரி. டார்ச்சைப் பிடி. நேராப் பிடி, ஏன் என்னை முறைக்கற?

– கோவத்துல.

– எனக்கும்தான் இருக்கு. அதுக்காக வேலையை விட்டேனா பாரு. ஈயத்தை நீட்டு... போதும். இப்ப சர்வோ. முன் சக்கரத்தைத் திருப்பற மோட்டார் இதுதானே, உள்ள பல்லெல்லாம் காஞ்சு கிடக்கு. ஆனா உடையல. ஆக்சிலரேட்டர் பக்கமும் நல்லாத்தான் இருக்கு. கம்பி சிக்கல, ஸ்பிரிங் விடல.

– அப்போ வண்டியில கோளாறு இல்ல?

– ஒரு கோளாறும் இல்ல. அதான் சொல்றேனே, ஓட்டினவன்கிட்டதான் கோளாறு.

– முடிச்சிட்டியா?

– முடிஞ்சது, புது பேட்டரியும் போட்டாச்சு. விளக்கு எரியுது பாரு. ஆனா ஓட்டிப் பாக்க ரிமோட் வேணுமே. அதைத்தான் உன் பொண்ணு நொறுக்கிட்டாளே.

– மேல் தட்டுல உன்னோட பழைய ரேஸ் ரிமோட் இருக்கே. ஆன்டெனா நீட்டிக்கிட்டு இருக்கு பாரு.

– அது எதுக்கு? என்னோடது மஞ்சள், அவனுது நீலம். ரேடியோ ஸ்டேஷன் மாதிரிதாம்மா இதுவும். ரிமோட்டுல ஒரு கிரிஸ்டல், வண்டியில அதுக்கு ஜோடி. நிறம் மாறினா ஒண்ணோட பேச்சு இன்னொண்ணுக்குக் கேக்கவே கேக்காது.

– அதெல்லாம் எனக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் டயர் மாட்டிக் குடுத்ததே நான்தானே. எடுத்து ஆன் பண்ணு.

– ஓடாதுன்னு சொல்றேன்ல?

– கடைசியில நான் சொல்றதை ஒரு தடவை செய்யறேன்னு ஒத்துக்கிட்டுதானே வேலையைத் தொட்ட? பண்ணுண்ணா!

– கத்தாத. பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பாக்கறான். இந்தா, இதுக்கும் புது பேட்டரி போட்டு ஆன். பாத்தியா, ஒண்ணும் இல்ல.

– ஸ்டிக்கைத் திருப்பு.

– திருப்பினாலும் ஒண்ணும்... ஏய். என்ன இது? முன் சக்கரம் திரும்புது!

– இடது பக்கம் திருப்பு.

– திரும்புது. இது எப்படி? இரு, ரிசீவர்ல கிரிஸ்டல் இருக்கற தனி மூடியைக் கழட்டறேன்... மஞ்சள்! உள்ள மஞ்சள் கிரிஸ்டல் இருக்கு.

– அன்னைக்கும் அதேதான் இருந்துச்சு.

– அப்போ அந்த ரேஸ்ல...

– சொல்லு. நீ எங்க இருந்த?

– ஷெட்டுக்குப் பின்னாடி. அடுத்த ரேஸ் என்னோடது. என் வண்டி ஷெட்டுக்குள்ள ஆஃப் ஆகி இருந்துச்சு. ரிமோட் பேட்டரி சரியா இருக்கான்னு ஆன் பண்ணி... முழுசா அழுத்திப் பாத்தேன். அப்பதான் நீ கத்தின சத்தம் கேட்டுச்சு. ஐயோ! நான் அழுத்தினது அவன் வண்டிக்குப் போயிருக்கு. உன் காலை உடைச்சது நானா?

– உக்காரு.

– நான்தான்! இந்தக் கையாலதான்! இதை வச்சுக்கிட்டு பாப்பாகிட்ட அப்படிப் பேசினேனே!

– உக்காருண்ணா. தண்ணி குடி. ரேஸ்ல ஒரு பலகை இருக்குமே, நிறத்துக்கு ஒரு கிளிப்பு. அந்த கிளிப்பை எடுத்தவன் மட்டும்தான் அந்த நிறத்து ரிமோட்டை ஆன் பண்ணணும். நீ எடுத்தியா, இல்லையா?

– எடுத்தேன். மஞ்சள் கிளிப்பு சட்டைப் பையிலதான் இருந்துச்சு.

– அவரு நீலம் எடுத்தாரு. ரெண்டு பேரும் முறைப்படிதான் பண்ணினீங்க.

– அப்போ அவன் வண்டிக்குள்ள மஞ்சளை யாரு போட்டது?

– நான்.

– நீயா?

– அன்னைக்குக் காலையில அவரோட ரிமோட்டைத் துடைக்கும்போது கீழ போட்டுட்டேன். கிரிஸ்டல் விரிசல் விட்டுடுச்சு. வேற நீலம் இல்ல. திட்டுவாருன்னு பயந்து, உன் டப்பாவுல இருந்த இன்னொரு மஞ்சள் ஜோடியை எடுத்து, ரிமோட்டுல ஒண்ணு, வண்டியில ஒண்ணு மாட்டினேன். உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள விசில் ஊதிட்டாங்க. நான் ஓரமா உக்காந்து கைதட்ட ஆரம்பிச்சிட்டேன்.

– அவனுக்கு இது தெரியுமா?

– தெரியாது. அதுக்கப்புறம் அவரு இந்த வண்டியைத் திறக்கவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் தன் கைதான் தவறிச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு.

– அடிப்பாவி! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? உன் கல்யாணத்துக்குக் கூட நான் வரலையே! அப்பா சாகற வரைக்கும் அவன் பேரைச் சொல்ல விடலையே! அந்த மனுஷன் மழையில பஸ்ஸுக்கு நிக்கறாரே, அதைப் பாத்துக்கிட்டே எப்படிடி சும்மா இருந்த? என் மேல கோவம்னு சொல்லிக்கிட்டு வந்தியே!

– உன் மேலயும் கோவம்தான். ஆனா வண்டியைத் தூக்கிட்டு வந்தது என் மேல இருக்கற கோவத்துல. வாயால சொல்ல வரல. நீயே திறந்து பாத்தாத்தான் ஆச்சுன்னு வந்தேன். நீ பாத்துட்ட. இப்ப ஹாஸ்டலுக்குப் போறேன், அவகிட்ட சொல்றேன். அப்புறம் அவருகிட்ட.

– ஏன் மறைச்ச? அதை முதல்ல எனக்குச் சொல்லு. எனக்காகவா? நான்தான் காரணம்னு நினைச்சு உடைஞ்சு போயிடுவேன்னா?

– உனக்காக இல்லண்ணா. எனக்கு அவரை அப்பவே பிடிக்கும். அவருக்கு அது தெரியாது. டயர், பேட்டரியைத் தவிர என்கிட்ட அவரு வேற எதுவும் பேசினதில்ல. ஆஸ்பத்திரியில என் கட்டில்கிட்ட உக்காந்து, "நான் பண்ணின பாவம், உன்னைக் கடைசி வரைக்கும் நான்தான் பாத்துக்கணும்"னு அழுதாரு. உங்க தப்பு இல்லன்னு சொன்னா எழுந்து போயிடுவாரோன்னு, வாயை மூடிக்கிட்டேன்.