கோடு தெரியாத பாட்டில்

கதிர்காமம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அண்ணனும் தம்பியும். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். தம்பி திடீரென்று கேட்டார்:

"முழுக்கத் தண்ணியா இருந்தா கோடு எப்படிண்ணா தெரியும்?"

"என்ன கோடுடா?"

"பிளேன் கெளம்புறதுக்கு முன்னாடி டேங்க் அடியிலேர்ந்து பெட்ரோல் கொஞ்சம் பாட்டில்ல புடிச்சுப் பாப்பேன். தண்ணி கலந்திருந்தா அடியில தனியா நிக்கும், நடுவுல கோடு தெரியும். அன்னைக்குக் கோடே இல்ல. சுத்தமா இருக்குன்னு கையெழுத்து போட்டுட்டேன். பாட்டில் முழுக்கத் தண்ணிண்ணா."

"மோந்து பாக்கலியா?"

"எப்பவும் பாப்பேன். அன்னைக்கு ஜலதோஷம்."

தம்பியே தொடர்ந்தார்:

"மேல போனதும் இன்ஜின் நின்னுடுச்சு. ஓட்டுன பொண்ணு பதறல. பிளேன் மூக்கைத் தாழ்த்தி, அடுத்த டேங்குக்கு மாத்தி, எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கு. ரெண்டு டேங்குலயும் நான் ஒரே டிரம்லேர்ந்துதான் ஊத்தியிருந்தேன். கரும்புக் கொல்லையில எறக்குச்சு. அந்தப் பொண்ணால இனிமே நடக்க முடியாதாம்."

ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங் வந்தது. அண்ணன் எழுந்தார்.

"வாடா. மன்னிப்பு கேட்டுட்டு வந்துடலாம்."

தம்பி எழுந்திருக்கவில்லை.

"நேத்து அந்தப் பொண்ணு எனக்கு ஆள் விட்டுச் சொல்லியிருக்குண்ணா. நீங்க பாத்துப் பாத்து வச்சிருந்த பிளேன ஒடச்சுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு."