கிராம்பும் கையும்

"கொறை நாய் மூக்குல இல்ல, உங்க கையில."

லோயர் கேம்ப்பிலிருந்து கம்பத்துக்கு, திராட்சைப் பந்தல்களைக் கடந்து போன ஜீப்பில், மடியில் இளம் நாயோடு இருந்த பெண் புருஷனிடம் சொன்னாள். நாய்களுக்கான மோப்பப் போட்டியில், கிராம்புத் தைலத் துணி ஒளித்த பெட்டியை விட்டுவிட்டு, அது இவர் காலடியில் வந்து உட்கார்ந்துவிட்டதாம்.

"பழக்கும்போது தெனமும் துணிய நீங்களே ஒளிச்சு வச்சீக. அது கிராம்பையா தேடுச்சு? உங்க கைவாசத்தைத்தான் தேடுச்சு. அங்கன வேற ஆளுக ஒளிச்சாக."

"அப்ப அடுத்த போட்டிக்குக் கூட்டிட்டுப் போக வேணாமா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஏன் வேணாம்? இனிமே தெனம் வேற ஒருத்தர் ஒளிக்கட்டும். நீங்க தொடவே கூடாது."

அவர் உள்ளங்கைகளை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். நாய் எட்டி அந்தக் கையையே நக்கியது.

"பாத்தீகளா," என்றாள், "கண்டுபிடிச்சிருச்சு."