தண்ணீர் வடியாத மிஷின்

பாத்திரம் கழுவுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அய்யா. முதலில் டம்ளர், பிறகு தட்டு, எண்ணெய்ச் சட்டி கடைசியில். மாற்றிச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. கமலவேணி அம்மா வீட்டில் நான் அப்படித்தான் கழுவினேன், ஒரு குறை வந்ததில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் அந்த அம்மாவுக்கு வீட்டிலேயே பட்டுச் சேலை வியாபாரம். பின்புறம் ஓர் அறையை எனக்கும் என் மகள் திரிஷாவுக்கும் விட்டிருந்தார். வேலை இருக்கும்வரை அறை, அதுதான் பேச்சு. திரிஷா பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளுடைய அப்பன் எங்கே இருக்கிறான் என்று நீங்கள் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அம்மாவின் தம்பி ஜெர்மனியில் வீட்டைக் காலி செய்தபோது, அங்கே கிடந்த பழைய பாத்திரம் கழுவும் மிஷினைக் கப்பலில் அனுப்பிவைத்தார். என்னைவிட வயதான இரும்புப் பெட்டி. அதற்குப் பட்டுச் சேலை கட்டிவிடாத குறைதான், அவ்வளவு உபசாரம். "இனிமே உனுக்கு வேலையே இல்ல தேவகி" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது என்று பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

மிஷினில் தண்ணீர் வடியாமல் நின்றால் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. மெக்கானிக் முனிரத்தினம் வரும்போதெல்லாம் டார்ச் பிடித்தது நான்தானே. "மொதல்ல அடியில இருக்கிற சல்லடைய கழட்டணும்மா. சோத்துப் பருக்கை அங்கதான் அடைச்சிக்கினு இருக்கும். அப்பறம் வெளிய போற டியூப்பு மடங்கியிருக்குதான்னு பாரு. அதுவும் இல்லன்னா, கீழ பம்புல ஒரு குட்டி ஃபேன் இருக்குது. அது சுத்தினாத்தான் தண்ணி போவும்" என்பார். பெட்டிக்கு எர்த் சரியில்லை, பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்கக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். நல்ல மனுஷன். என்னிடம் உரிமையோடு டீ கேட்டு வாங்கிக் குடிப்பார்.

அந்தக் குட்டி ஃபேனில் நான் பட்டு நூலைச் சுற்றினேன். அந்த வீட்டில் கழிவு நூல் சாம்பாரில்கூடக் கிடக்கும், யாருக்குச் சந்தேகம் வரும்? அவர் எடுத்துப் போட்டுவிட்டுப் போவார், நான் மறுபடி சுற்றுவேன். தேங்கிய தண்ணீர் நாறும், பாத்திரம் கழுவ அம்மா என்னைக் கூப்பிடுவார். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

தவறு என் விரல்களால் வந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி வீடுகளுக்குப் பாவு பிணைக்கப் போனவள் நான். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு; பழைய பாவு முடிகிற இடத்தில் புதுப் பாவை இழை இழையாகச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பது அந்த வேலை. நூலைத் தொட்டால் என் விரல் தானாக முறுக்கிவிடும். அது எனக்கே தெரியாது.

போன வியாழக்கிழமை காலை முனிரத்தினம் வந்தார். பிளக்கைப் பிடுங்கிப் போட்டார், டீ குடித்தார், தேங்கிய தண்ணீரில் முழங்கைவரை கையை விட்டார். வெளியே வந்த நூலை வெளிச்சத்தில் பார்த்தார். அவருடைய மனைவியும் பாவு பிணைக்கிறவள்.

"இது பாவு பிணைக்கிற முறுக்காச்சேம்மா. போன தபாவே பாத்தேன்."

"அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"இரும்மா, கைல வேலை இருக்குது. முடிச்சிட்டு பேசலாம்."

மறுபடி கையைத் தண்ணீருக்குள் விட்டார். முடித்துவிட்டுப் பேசலாமாம். அதுவரை நான் எப்படி மூச்சு விடுவது? திரிஷாவின் புத்தகங்கள் தெருவில் கிடப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. பிளக் என் காலடியில் இருந்தது. எடுத்துச் செருகினேன், சுவிட்சைப் போட்டேன். அவர் கத்தக்கூட இல்லை. அசைவு நின்ற பிறகு சுவிட்சை அணைத்தேன். டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். டம்ளர்தானே முதலில்.

அம்மா ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "காலைலதான் போன் பண்ணாரு தேவகி. பழைய பொட்டி, தேறாது, இன்னைக்கு தண்ணிய எடுத்துட்டு கழட்டிக்கினு போயிடறேன், தேவகியே கழுவட்டும்மான்னு சொன்னாரே." நூலைப் பற்றி முனிரத்தினம் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

இப்போது ஊரில், கரண்ட் வேலையில் அவர் அலட்சியமாக இருந்துவிட்டார் என்று பேசுகிறார்கள். அதைக் கேட்கப் பொறுக்காமல்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன், அய்யா. பிளக்கை அவர் ஒழுங்காகப் பிடுங்கித்தான் போட்டார். அவருடைய அலட்சியமெல்லாம் பேச்சில்தான். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லத் தெரிந்தவருக்கு, பக்கத்திலேயே டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவருக்கு இந்தச் சாவு வந்திருக்காது. நான் அவருக்கு ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை.